பச்சையாகத் தூவிய சோயா மாவு

எங்கள் காரைக்காலில் கஞ்சியை இறக்கிவைத்துப் பொட்டுக்கடலை மாவைத் தூவிக் குடிப்போம். இப்போது நாங்கள் இருக்கும் சைகோனில் பொட்டுக்கடலைக்கு எங்கே போவது? காய்ச்சலில் இளைத்துப்போன கணவருக்குச் சத்தாக இருக்கட்டுமென்று சீனர்கள் வாழும் சோலோன் பகுதிக் கடையில் சோயா மாவு வாங்கி, இறக்கிய ஓட்ஸ் கஞ்சியில் அப்படியே தூவிக் கலக்கிவிட்டேன்.

"பச்சை வாடை அடிக்குதே" என்றார்.

"சத்துன்னா அப்படித்தான். குடிங்க" என்றேன்.

குடித்த அரை மணி நேரத்தில் அவருக்கு வாந்தி ஆரம்பித்து, மத்தியானம்வரை நிற்கவில்லை. பக்கத்து வீட்டு வியட்நாமியப் பெண்ணைக் கூட்டிவந்தேன். அவள் மாவை முகர்ந்து பார்த்து, "இதை வேகவைக்காமலா கொடுத்தாய்?" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

இப்போது மாவை வறுத்து, ஓட்ஸோடு கொதிக்கவிட்டே இறக்குகிறேன். அவரோ, நான் முதலில் குடித்து அரை மணி நேரம் ஆனபிறகுதான் கிண்ணத்தைத் தொடுகிறார். அதற்குள் ஆறிப்போகிற கஞ்சியைத் தினமும் மறுபடி சூடாக்குகிறேன்.