அலுமாரிப் பிறை

அறை அலுமாரியின் துருப்பிடித்த கைப்பிடிகளைக் கண்டாலே பஹ்மிதாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். கல்முனைக் கடையில் பிறை வடிவப் பித்தளைப் பிடிகளை வாங்கிவந்து, ஸ்குறூ டிரைவரும் கையுமாக நின்று தானே பூட்டினாள். தள்ளிநின்று பார்த்தபோது அறையே கல்யாண அறைபோல மினுங்கியது.

மீன்பிடிக்கப் போய்க் கடலால் வந்த புருஷன் றாஸிக் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "நம்மட வானத்தில பெருநாள் தலைப்பிறை தோணி மாதிரி மல்லாந்துதானே கிடக்கும்? நீ நிமித்தி வெச்சிரிக்காய்."

"வானத்துப் பிறை எப்பிடியும் கிடக்கட்டும். இது எனக்குச் சீதனமா வந்த ஊடு. இஞ்ச பிறை நிமிந்துதான் நிக்கும்!"

மாப்பிள்ளையாக அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்தே, எங்கே வாதாடக்கூடாதென்று றாஸிக்குக்குத் தெரியும். புதுப் பிடியைப் பிடித்துக் கதவைத் திறந்து, மாற்றி உடுக்கச் சாரனை எடுத்தார்.

"ஓம் புள்ள, நீ சொன்னாப் பெருநாள்தான்."