வெறும் கதிரை சொன்ன பதில்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போகிற ஆள் நான். மருத்துவம் படிக்கிறவளுக்கு, நித்திரை கெட்டால் மூளை என்னென்ன காட்டும் என்று தெரியாதா? நீங்கள் சொல்லப்போவதும் அதுதான். ஆனாலும் கேளுங்கள்.

நான்காம் வருடத்தில், நோயாளியை விசாரிக்கும் செய்முறைப் பரீட்சையில் கோட்டைவிட்டேன். நோயாளியாக நடித்தவரிடம், எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா என்று கேட்க மறந்துபோனேன். இன்னொரு முறை தவறினால் வருடத்தையே திரும்பப் படிக்கவேண்டும். விடுவதில்லை என்று ஒற்றைக்காலில் நின்றேன். மறுபரீட்சைக்கு முந்தின மூன்று நாளும் சேர்த்து ஐந்து மணி நேரம் நித்திரை கொண்டிருந்தால் பெரிது.

அந்தப் பரீட்சைக்கு முந்தின நாள், நோயாளியாக நடிக்க வருவதாகச் சொன்ன தோழி நிரோஷா கைவிரித்துவிட்டாள். வராவிட்டால் போகட்டும் என்று, பென்டில் ஹில்லில் இருக்கும் எங்கள் வீட்டில், பட்டப்பகலில், வெறும் கதிரை ஒன்றை எதிரே போட்டு, அதில் நோயாளி உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு, போனில் பதிவை ஓடவிட்டு, ஆங்கிலத்தில் விசாரிக்கத் தொடங்கினேன். நாலாவது கேள்வியோடு தலை மேசையில் சாய்ந்தது மட்டும் நினைவிருக்கிறது.

வேலையால் வந்த அம்மா கதவைத் தட்டித்தான் எழுந்தேன். அவர் கையில் இரண்டு கோப்பைத் தேநீர். மற்றது யாருக்கு என்று கேட்டேன்.

“நிரோஷாவுக்குத்தான். ரெண்டு பேரும் கதைச்சுக்கொண்டு இருந்தனீங்கள், கேட்டுது.”

பதிவைப் போட்டுப் பார்த்தேன். நம்பினால் நம்புங்கள், அதில் இருந்தது என் குரல் மட்டும்தான். நித்திரையிலும் ஒன்று விடாமல் விசாரித்திருக்கிறேன், மருந்துக் கேள்வி உட்பட. ஒவ்வொன்றுக்கும் பிறகு, யாரோ பதில் சொல்லும் அளவுக்கு இடைவெளி. பிறகு நான் ‘ம்’ கொட்டி, இடது பக்கமா, எவ்வளவு நாளாக என்று கேட்கிறேன்.

பயந்துதான் போனேன். ஆனால் விடிந்தால் பரீட்சை. அதே வரிசையை இரண்டு முறை கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு, அம்மாவின் அறையில் போய்ப் படுத்து விடியும்வரை நித்திரை கொண்டேன். பாஸ் பண்ணினேன்.

பதிவின் கடைசித் துண்டுதான் இன்னும் என்னை விடவில்லை. முழுக்க ஆங்கிலத்தில் பேசிய நான், ஒரு நீண்ட மௌனத்துக்குப் பிறகு தமிழில் மெதுவாகச் சொல்கிறேன்: “ஓம், அம்மாவிட்ட சொல்லமாட்டன்.”

அந்த இடைவெளியில் என் காதில் என்ன விழுந்தது, எதை மறைக்க ஒப்புக்கொண்டேன் என்று எனக்குத் தெரியாது. அம்மாவின் உடம்பைப் பற்றியதாக இருக்குமோ என்று, அன்றிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை அம்மாவை முழுப் பரிசோதனைக்கு இழுத்துக்கொண்டு போகிறேன். ஏன் என்று அவர் ஒவ்வொரு முறையும் கேட்கிறார். நான் சொல்வதில்லை.