மைக் அக்காவும் மஞ்சள் டோக்கனும்

எங்கள் தையல் கம்பெனியில் மைக் அக்காவின் முகத்தைத் தெரிந்தவர்களைவிடக் குரலைத் தெரிந்தவர்கள்தான் அதிகம். "நாலாவது லைன், காலர் பத்தலயாம், பேச்சக் கொறச்சுட்டு தைங்க" என்று கூரையிலிருந்து ஒரு குரல் இறங்குமே, அது அவளுடையது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். அக்கா கூரையில் இருக்கமாட்டாள். மானேஜரின் கண்ணாடி அறைக்கு வெளியே, அரைச்சுவர் தடுப்புக்குள், ஒரு நாற்காலியில் இருப்பாள். துணி ஓரம் பிரியாமல் அடிக்கிற என் ஓவர்லாக் மெஷின் அந்தச் சுவரை ஒட்டித்தான் கிடக்கிறது. அதனால் அக்கா மைக்கை அணைத்துவிட்டுப் பேசுவதையும் கேட்கும் பாக்கியம் எனக்கு மட்டும் உண்டு.

அந்த நாற்காலி சும்மா வந்ததில்லை. சட்டைக்குக் கை வைத்துத் தைத்தே பாதி ஆயுளைக் கழித்தவள் அக்கா. முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்ததும் பெடலை மிதிக்க முடியாமல் போனது. பிசிறு வெட்டும் மேசைக்கு அனுப்பிவிட்டார்கள். தைத்து முடித்த சட்டையில் தொங்கும் நூலைக் கத்தரிக்கிற வேலை. நாள் முழுக்க நிற்க வேண்டும். முழங்கால் வீங்கி, சாயங்காலம் படி இறங்கும்போது அழுதுவிடுவாள். அப்போதுதான் பழைய மைக் பெண் வேலையை விட்டுப் போனாள். நன்றாகப் படிக்கத் தெரிந்தவர்கள் யார் என்று மானேஜர் கேட்டார். "எனக்கு முட்டிதான் சார் போச்சு. வாய் நல்லாத்தான் இருக்கு" என்றாள் அக்கா. வேலை கிடைத்தது. வெட்டுத் துணியைத் திணித்து அந்த நாற்காலிக்கு ஒரு மெத்தையும் தைத்துப் போட்டாள். அதை யாராவது எடுத்துத் தூசி தட்டினால்கூட அவளுக்குக் கோபத்தில் மூக்கு சிவந்துவிடும்.

கதை படிக்கிற வழக்கம் வந்தது எங்கள் தூக்கத்தால்தான். மதியச் சாப்பாடு முடிந்ததும் கண் சொக்கும். நெஞ்சில் தைக்க வேண்டிய சட்டைப் பை வயிற்றுக்கு இறங்கிவிடும். பாட்டுப் போட்டுப் பார்த்தார்கள். சோகப் பாட்டு வந்தால் மெஷினும் சோகமாக ஓடியது. கடைசியில், தினம் அரை மணி நேரம் அக்கா மைக்கில் நாவல் படிக்கலாம் என்று மானேஜர் அனுமதி கொடுத்தார். முதலில் எல்லாம் மாமியார் மனம் திருந்துகிற நாவல்கள். எங்களில் ஒருத்தியின் மாமியாரும் திருந்திய பாடில்லை என்பதால் சீக்கிரமே அலுத்துவிட்டது.

அப்புறம் பழைய பேப்பர் கடையிலிருந்து அக்கா ஒரு தடிப் புத்தகத்தைக் கொண்டுவந்தாள். அட்டை இல்லை, பெயரும் இல்லை. உலகமே கொண்டாடிய நாவல் என்றும் பல நாடுகளில் தடை செய்யப்பட்டது என்றும் முன்னுரையில் போட்டிருந்தது. தடை என்றதும் நாங்கள் வேறு மாதிரி நினைத்துக் காதைத் தீட்டிக்கொண்டோம். நன்றாக ஏமாந்தோம். அது ஒரு சர்வாதிகார நாட்டின் கதை. அங்கே ஒழுங்கு அமைச்சர் என்று ஒருவர். எல்லா வீட்டுக் கதவிலும் உள்தாழ்ப்பாளைக் கழற்றச் சொல்லி உத்தரவு போடுகிறார். பிறகு வரிசையில் நிற்பவர்கள் பின்னால் திரும்பிப் பார்க்கக் கூடாது என்கிறார். அதற்கும் பிறகு, பெருமூச்சு விட அனுமதி வாங்க வேண்டும் என்கிறார். பெருமூச்சு விடுகிறவனுக்கு ஏதோ குறை இருக்கிறது என்று அர்த்தமாம். உத்தரவு எல்லாமே "இது உங்கள் நன்மைக்காகவே" என்றுதான் தொடங்கும். அந்த இடம் வந்தால் அக்கா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, காலர் பத்தல என்கிற அதே குரலில் படிப்பாள்.

தூக்கம் பறந்துவிட்டது. டீ நேரம் முழுக்க அமைச்சர் பேச்சுத்தான். கட்டிங் மாஸ்டர் கணக்குப் போட்டார். "நாடு முழுக்கத் தாழ்ப்பாளக் கழட்டணும்னா எத்தன ஸ்க்ரூ! அந்த கான்ட்ராக்ட் எடுத்தவன் பொழச்சான்." மூன்று மாதம் முன்பு கல்யாணமாகி வந்த புதுப்பொண்ணுக்கு, கதாநாயகனான பூட்டுக்காரனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்பதுதான் கவலை. எனக்கு மட்டும் அந்த நாட்டு ஜனங்கள்மேல் பெரிதாக இரக்கம் வரவில்லை. எங்கள் வீட்டுக் குளியலறைக்குத் தாழ்ப்பாளே கிடையாது. உள்ளே இருப்பவர் பாடிக்கொண்டே குளிக்க வேண்டும்; பாட்டு நின்றால் அடுத்த ஆள் நுழைந்துவிடுவார். எந்த அமைச்சரும் வந்து சொல்லவில்லை, நாங்களாகவே செய்துகொண்ட ஏற்பாடு.

எல்லாரையும்விடக் கொதித்தது காஜா அக்கா. சட்டைக்குப் பொத்தான் ஓட்டை போடுகிறவள். "அத்தன ஜனம் இருக்கே, ஒருத்தி வாயத் தொறந்து ஏன்னு கேக்கமாட்டாளா? நான் மட்டும் அங்க இருந்திருக்கணும்!" என்று மேசையில் குத்துவாள். அமைச்சரைவிட ஜனங்கள்தான் அவளிடம் அதிகம் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

ஒருநாள் கதை நடுவில் மானேஜர் ஒரு சீட்டை நீட்டி, உடனே படிக்கச் சொன்னார். அமைச்சர் மும்முரமாகப் பேசிக்கொண்டிருந்த நேரம். அக்கா அதே குரலில் சீட்டையும் படித்துவிட்டாள்.

"இது உங்கள் நன்மைக்காகவே. நாளை முதல் கழிப்பறைக்குச் செல்ல ஒவ்வொருவருக்கும் தினம் இரண்டு மஞ்சள் டோக்கன் வழங்கப்படும். டோக்கன் இல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை."

ஆறு லைனும் குலுங்கிச் சிரித்தது. அக்கா சீட்டைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், அடுத்த பக்கத்தைப் புரட்டிக் கதையைத் தொடர்ந்தாள்.

டீ நேரத்தில் விமர்சனம் தூள் பறந்தது. "தாழ்ப்பாள் வரைக்கும் சரி. இது நம்புற மாதிரியா இருக்கு? எழுதினவரு கொஞ்சம் ஓவராப் போயிட்டாரு" என்றார் கட்டிங் மாஸ்டர். "போயும் போயும் பாத்ரூமுக்கு டோக்கனா? சீ, ரசனையே இல்ல" என்றாள் புதுப்பொண்ணு.

நான் சுவரை எட்டிப் பார்த்தேன். அக்காவின் டீ ஆறிப்போயிருந்தது.

"அது கதையில இல்லடி. நம்ம மானேஜர் எழுதினது" என்றாள் மெதுவாக. எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது; யாரிடமும் சொல்லாமல் மெஷினுக்குத் திரும்பிவிட்டேன்.

மறுநாள் காலை கழிப்பறை வாசலில் சூப்பர்வைசர் மஞ்சள் டோக்கன் டப்பாவோடு நின்றார். பார்த்தவர்கள் எல்லாம் கைதட்டினார்கள். "அட, சார் நல்லா நடிக்கிறாரே! அமைச்சர் வேஷம் கச்சிதம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்கள். சூப்பர்வைசருக்கு ஒன்றும் புரியவில்லை. கைதட்டல் அவருக்கு வாழ்க்கையில் முதல் தடவை என்பதால் தடுக்கவும் மனம் வரவில்லை. மத்தியானம் வரை ஒரு டோக்கன்கூடச் செலவாகவில்லை.

மானேஜர் அக்காவைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார். திரும்பி வந்தபோது அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"நான் சொன்னா சிரிக்கிறாங்களாம். சிரிக்காத மாதிரி சொல்லணுமாம். இல்லன்னா பதிவு பண்ணின குரல்ல அறிவிக்கிற மெஷின் ஒண்ணு வருதாம், அத வாங்கி வச்சுட்டு என்னைத் திரும்பவும் பிசிறு மேசைக்கு அனுப்பிடுவாராம்" என்றாள். சொல்லும்போதே கை தானாக முழங்காலைத் தடவியது.

கதை நேரம் வந்தது. அக்கா புத்தகத்தைத் திறக்கவில்லை. மானேஜர் பக்கத்தில் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"எல்லாரும் கேளுங்க. நேத்து படிச்ச டோக்கன் விஷயம் கதை இல்ல. நிஜம். நம்ம கம்பெனில, நமக்குத்தான்."

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அந்தக் கூடத்தில் மின்விசிறிச் சத்தத்தை அன்றுதான் முதலில் கேட்டேன். எல்லார் தலையும் காஜா அக்கா பக்கம் திரும்பியது. நாட்டையே கேள்வி கேட்கத் தயாராக இருந்த காஜா அக்கா குனிந்து, மேசைக்கு அடியில் விழாத பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தாள். நானும் ஊசியில் கோத்திருந்த நூலை உருவிவிட்டு மறுபடி கோத்தேன். புத்தகத்து ஜனங்களை நாங்கள் திட்டிய திட்டெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

மைக் அணையவில்லை. அக்கா மூச்சு விடுவது ஆறு லைனுக்கும் கேட்டது.

"எனக்கு இந்த நாற்காலி வேணும்" என்றாள். "சார் பக்கத்துலதான் நிக்கிறாரு. இருந்தாலும் சொல்லிடறேன். நான் சர்க்கரை மாத்திரை சாப்பிடறவ. ஒரு நாளைக்கு ஏழு தடவ போறேன். ரெண்டு டோக்கன வச்சுக்கிட்டு நான் என்ன சார் பண்ணட்டும்?"

கூரையிலிருந்து இப்படி ஒரு அறிவிப்பு அதுவரை வந்ததில்லை. காஜா அக்கா தலையை நிமிர்த்தினாள். மேசை அதிர எழுந்து நின்றாள். "எனக்கு அஞ்சு!" என்று கத்தினாள்.

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. "எனக்கு நாலு!" "எனக்கும் அஞ்சு!" "எனக்கு எட்டு, மழை நாள்ல கணக்கே கிடையாது!" இது கட்டிங் மாஸ்டர். என் பங்குக்கு நானும் ஒரு எண்ணைச் சொன்னேன், கொஞ்சம் கூட்டியே சொன்னேன். பழக்க தோஷத்தில் சூப்பர்வைசர் லைன் வாரியாக எண்களைக் கூட்ட ஆரம்பித்துவிட்டார். மானேஜர் காது சிவந்து, பார்வையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தவித்தார்.

இந்தச் சந்தடியில் புதுப்பொண்ணு எழுந்து, "எனக்கு இனிமே கொஞ்சம் அதிகமாவே ஆகும். டாக்டர் சொன்னாங்க" என்றாள். சொல்லிவிட்டு முகத்தைத் துப்பட்டாவில் மூடிக்கொண்டாள். ஒரு நொடி யாருக்கும் விளங்கவில்லை. விளங்கியதும் கூடமே இரண்டுபட்டது. காஜா அக்கா ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள். வேறு வழியில்லாமல் மானேஜரும் மைக்குப் பக்கம் குனிந்து "வாழ்த்துகள்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் அக்கா மெத்தையைப் பையில் சுருட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கூப்பிட்டார்கள். போனவள் நேரம் கழித்துத்தான் வந்தாள். வந்ததும் மெத்தையை எடுத்து விரித்தாள்.

"மெஷின்காரன்கிட்ட விசாரிச்சாராம். அது கதை படிக்காதாம்" என்றாள். "டோக்கன் வேண்டாம்னுட்டாரு. அப்புறம் குரலத் தாழ்த்திக் கேக்கறாரு, அந்த அமைச்சர் கடைசில என்ன ஆகறாரு? பாவம் அவரு, நல்லதுதானே நெனச்சாரு, யாருமே புரிஞ்சுக்கலயேன்னு. நீங்களே வந்து கேளுங்க சார்னுட்டேன்."

கடைசி அத்தியாயத்தன்று மானேஜர் நிஜமாகவே வந்து மைக்குப் பக்கத்தில் நின்றார். அமைச்சருக்கு என்ன கதி ஆகப்போகிறது என்று ஆறு லைனும் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தது. ஒரு கதியும் ஆகவில்லை. ஓய்வு பெற்று, முழு பென்ஷனோடு, கடற்கரை வீட்டில் ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அத்துடன் நாவல் முடிந்தது.

"இவனுக்கா? இவனுக்கா ரோஜா?" என்று காஜா அக்கா கொந்தளித்தாள். மானேஜர் மட்டும் நிம்மதியாக ஒரு பெருமூச்சு விட்டார். மைக் திறந்திருந்ததால் அது கூடம் முழுக்கக் கேட்டது.

"சார், பெருமூச்சுக்கு அனுமதி வாங்கிட்டீங்களா?" என்று ஐந்தாவது லைனிலிருந்து ஒரு குரல்.

மானேஜர் எங்களைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையைத் துழாவி, ஒரு மஞ்சள் டோக்கனை எடுத்து அக்காவின் மேசைமேல் வைத்தார்.