பொன்முடியிலிருந்து வந்த கோரை

சுதந்திரம் வந்து இரண்டோ மூன்றோ வருஷம் ஆகியிருக்கும். திருவனந்தபுரத்தில் கோட்டைக்குள் குடியிருந்தோம். ஒன்றரை வயதுத் தங்கைக்கு வயிற்றுப்போக்கு கண்டு நிற்கவேயில்லை. வைத்தியர் கோரைக்கிழங்கை இடித்து மோரில் காய்ச்சிக் கொடுக்கச் சொன்னார். தாமதிக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

கோரைக்கா பஞ்சம்? எங்கள் கொல்லையில், பாத்திரம் தேய்த்த தண்ணீர் ஓடும் இடமெல்லாம் அதுதான் மண்டிக் கிடந்தது. அம்மா மண்வெட்டியை எடுத்துவிட்டாள். அவளுடைய தம்பி, என் மாமா, குறுக்கே வந்து நின்றார்.

"எச்சில் ஜலத்துல வளந்ததைக் குழந்தைக்குக் குடுக்கறதாக்கும்? பொன்முடி மலைமேல புல்மேடு முழுக்கக் கோரைதான் அக்கா. சுத்தமான இடம். நான் பறிச்சுண்டு வரேன்."

"நாளாயிடுமேடா."

"நாளைக்குச் சாயங்காலம் இங்க நிப்பேன்."

எச்சில் என்ற சொல்லுக்குப் பிறகு எங்கள் வீட்டில் வாதம் கிடையாது. அப்பாவும் தலையசைத்தார். மண்வெட்டி சுவரில் சாய்ந்தது.

மாமா விதுரை வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து மலையேறினார். சொன்னபடியே மறுநாள் சாயங்காலம் வந்தார். முழங்கால் சிராய்த்து, வேட்டி சேறாகியிருந்தது. ஈரச்சாக்கை அவிழ்த்தார். எண்ணினேன், பதினாறு தூறு. முப்பட்டையான தண்டுகள் பளபளவென்று இருந்தன. மண்ணை உதறினால் மயிர் போன்ற வேர்தான். ஒன்றில்கூடக் கிழங்கு இல்லை.

அன்றிரவு வந்த வைத்தியர் ஒரு தண்டை விரலில் உருட்டிப் பார்த்தார். "இதும் கோரைதான் கேட்டோ. மலையில புல்லுக்கிடையில வளரும். இதுக்குக் கிழங்கு கிடையாதல்லோ."

பிறகு அவரே கொல்லைக்குப் போய்த் தோண்டினார். மோர் காய்ச்சி, பாலாடைச் சங்கால் புகட்டினார்கள். அது கடைவாயில் வழிந்தது. விடிவதற்குள் தங்கை போய்விட்டாள்.

அப்பாவும் மாமாவும் அவளை எடுத்துப் போய்ப் புதைத்துவிட்டு வந்தார்கள். மாமா குளித்த ஈரத்தோடு ஒரு மூலையில் உட்கார்ந்தார்.

வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு தூக்கில் தயிர்சாதம் வந்தது. எனக்கு நல்ல பசி. அம்மா தூக்கோடு நேரே மாமாவிடம் போனாள். அவர் தலையை ஆட்டினார்.

"கையை நீட்டுடா," என்றாள்.

அவர் நீட்டினார். அவள் ஒவ்வொரு கவளமாக உருட்டி வைத்தாள். அவர் அழுதுகொண்டே விழுங்கினார். நானும் அழுதேன். தங்கையை நினைத்து அழுகிறேன் என்று அப்பா என்னை இழுத்து அணைத்துக்கொண்டார். நானோ அவர் தோளுக்கு மேலாகக் கவளங்களை எண்ணிக்கொண்டிருந்தேன், எனக்கு மிச்சம் இருக்குமா என்று.