சித்தப்பா தோண்டாத குழி

மழை ஏமாற்றிய ஒரு மாசி மாதம். தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே நீர்த்தேக்கம் வற்றி, சேற்றில் வட்டவட்டமாகக் குழிகள் தெரிந்தன. சோற்றுத் தட்டை அழுத்தி எடுத்தது போல அத்தனை ஒழுங்கு. அணை கட்டியபோது மூழ்கிய கோயிலின் நகைகள் அங்கேதான் கிடக்கின்றன என்பது எங்கள் லயத்து வீடுகளில் எல்லோருக்கும் நம்பிக்கை. ஆகவே யாரோ புதையல் தோண்டுகிறார்கள் என்று முடிவாயிற்று. தினமும் மாலையில் வெள்ளைச் சட்டையும் தூண்டிலுமாக அந்தப் பக்கம் போய், ஒரு மீன்கூட இல்லாமல் திரும்புகிற ஆளோ எங்கள் வீட்டில்தான் இருந்தார். அப்பாவின் தம்பி.

தோட்டத் தலைவர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"பொலிஸ் காதுக்குப் போனா உள்ள தள்ளிருவாங்கப்பா. அங்க என்ன பண்றேன்னு சொல்லிரு."

"மீன் புடிக்கத்தாங்க போறேன்."

"எந்த மீனு? ஒரு செதிலாவது கண்ணுல காட்டு!"

சித்தப்பா தூண்டிலைக் கதவுக்குப் பின்னால் தள்ளி வைத்தார். அம்மா அழ ஆரம்பித்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. துணைக்கென்று என்னையும் கூட்டிப்போனவர் அல்லவா!

"குழிய வெட்டுனது திலாப்பியா மீனு!" என்று கத்தி, எல்லோரையும் கரைக்கு இழுத்துப்போனேன். ஆழமில்லாத தண்ணீருக்குள்ளும் அதே குழிகள். ஒவ்வொன்றிலும் கறுத்த ஆண் மீன் ஒன்று, வாய் கொள்ள மண்ணை அள்ளி வெளியே துப்பிக்கொண்டிருந்தது.

தலைவர் குனிந்து பார்த்தார். "அட, நம்மாளுகள விட நல்லா தண்ணிக் கான் வெட்டுதே!"

அப்பாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. என் தலையைத் தடவி, "இதெல்லாம் ஒனக்கு யாரும்மா சொன்னா?" என்றார்.

பாராட்டு கிடைத்தபின் நான் நிறுத்துவேனா? அக்கரையில் வலை போடுகிறவரின் மகள் ஒரு அக்கா; அந்த அக்கா சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். ஆண் மீன் கறுத்து, குழி பறித்துக் காத்திருக்கும். பெண் வந்து முட்டையிட்டு, அதை வாயில் அள்ளிக்கொண்டு போய்விடும். குஞ்சு வெளியே வரும்வரை அதற்குச் சாப்பாடு கிடையாது.

"ஆம்பள மீனு மட்டும் அடுத்த பொண்ணுக்குக் காத்திருக்குமாம். நீங்களும் அப்பிடித்தானான்னு அக்கா கேட்டாங்க. சித்தப்பா அவங்க தலையில கைய வச்சு இல்லன்னு சத்தியம் பண்ணுனாரு."

தலைவர் இருமிக்கொண்டே அணைப் பக்கம் திரும்பிக்கொண்டார். சித்தப்பா என் கையை நறுக்கென்று கிள்ளினார். சற்றுமுன் அழுத அம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு சொன்னாள்:

"ஏங்க, வெத்தல பாக்கு வாங்கிட்டு வாங்க. ஞாயித்துக்கிழம அக்கரைக்குப் போகணும்ல."

அப்பா சரி என்றார். எனக்கோ ஒன்றும் விளங்கவில்லை. மீனைப் பார்க்கப் போவதற்கு வெற்றிலை பாக்கு எதற்கு?