முதலில் அவள் நெற்றியில்

அரியலூரிலிருந்து ஜெயங்கொண்டம் போகும் பஸ்ஸை ஓட்டுகிறவன் நான். எதிரே சிமெண்ட் லாரிகள் வரிசையாக வரும். அவற்றின் கண்ணாடியில் பட்ட வெயில் கண்ணில் குத்தினால் போதும், இடது புருவத்துக்கு மேலே யாரோ உளியால் அடிப்பதுபோல் வலி ஆரம்பித்துவிடும். குமட்டும். வெளிச்சமும் சத்தமும் ஆகாது. "தலைவலிக்கெல்லாமா லீவு?" என்று டெப்போவில் கேலி செய்வார்கள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்!

மாத்திரை போட்டால் வலி அடங்கியது, ஆனால் தூக்கம் கண்ணைச் சொருகியது. பஸ் நிறைய ஜனத்தை ஏற்றிக்கொண்டு சொக்கி விழ முடியுமா? பெரம்பலூரில் நான் பார்க்கும் நரம்பு டாக்டரம்மா, "இந்த மாத்திரையைப் போட்டுட்டு ஸ்டியரிங் பிடிக்கவே கூடாது," என்று கண்டித்துச் சொல்லிவிட்டார். பிறகு அவரே ஒரு வழியும் சொன்னார். புருவங்களுக்கு மேலே ஒட்டிக்கொள்ளும் சின்னக் கருவி ஒன்று இருக்கிறதாம். மெல்லிய மின்துடிப்பை நெற்றி நரம்புக்கு அனுப்புமாம். மருந்தே கிடையாது. தினமும் சாயங்காலம் வைத்துக்கொண்டால் வலி வருவது குறையலாம் என்றார். அதுவும் பலிக்காவிட்டால் வண்டியை விட்டு இறங்கி, டெப்போவில் ஏதாவது லைட் டூட்டி பார்க்க வேண்டியதுதான். வண்டி ஓட்டுவதைத் தவிர வேறு எந்த வேலையும் எனக்குப் பிடிக்காது.

கருவியைப் பார்த்ததும் என் மனைவி பதறிப் போனாள்.

"நெத்தியில கரண்ட் விடுறதா? மிக்ஸி ஷாக் அடிச்சதுக்கே எனக்குக் கை மரத்துப் போச்சுங்க!"

"அடி போடி, உள்ள இருக்குறது சின்ன பேட்டரி," என்று அதட்டினேன். எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான்.

ஆரம்பத்தில் கருவி நன்றாகவே வேலை செய்தது. நெற்றியில் எறும்பு ஊருவதுபோல் இருக்கும், பிறகு அதுவும் பழகிவிடும். வலி வருவது குறைந்தது. அப்புறம் என்ன ஆனதோ, நெற்றியில் ஒட்டுகிற பட்டை ஒட்டவே மறுத்தது. ஒட்டினால் நழுவும், கருவி கீச்சென்று கத்திவிட்டு அணைந்துபோகும். ஒருநாள் காபி டம்ளரிலேயே விழுந்தது. தலைவலியும் பழையபடி திரும்பிவிட்டது. ஒரு மத்தியானம் ஜெயங்கொண்டம் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வாந்தி எடுத்தேன். இனி நம்மால் ஆகாது, லைட் டூட்டிக்கு எழுதித் தரச் சொல்லிவிடலாம் என்று அழாத குறையாக டாக்டரம்மாவிடம் போனேன். மனைவியும் கூட வந்தாள்.

டாக்டரம்மா பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நெத்தியை சோப்பு போட்டுக் கழுவிட்டுத்தானே வைக்கிறீங்க?"

"ஆமாங்க மேடம்."

"அப்ப இந்தக் குங்குமம் யாரோடது?"

பசை முழுக்கச் சிவப்பு, கூடவே தேங்காய் எண்ணெய்ப் பிசுக்கு. நான் குங்குமம் வைப்பதே இல்லை. திரும்பிப் பார்த்தால் இவள் சுவரில் இருந்த காலண்டரை வெகு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, உனக்கென்ன தலைவலியா?" என்று அங்கேயே கத்திவிட்டேன்.

"இல்லீங்க. தெனமும் நீங்க டூட்டி முடிஞ்சு வர்றதுக்குள்ள நான் ஒருவாட்டி வச்சுப் பாத்துருவேன். கரண்ட்டு என்னிக்கு எப்படி இருக்கும்னு யாரு கண்டா?"

"உனக்கு ஏதாவது ஆயிருந்தா?"

"எனக்கு ஒண்ணுன்னா நீங்க தூக்கிக்கிட்டு ஓடுவீங்க. உங்களுக்கு ஒண்ணுன்னா எனக்கு யாருங்க இருக்கா?"

என் கோபம் போன இடம் தெரியவில்லை. டாக்டரம்மாதான் சிரித்துக்கொண்டே, "குங்குமத்தை அழிச்சிட்டு வச்சிருக்கலாமேம்மா," என்றார். "அதெப்படிங்க டாக்டர், இவரு இருக்கும்போது?" என்று இவள் முறைத்தாள்.

புதுப் பட்டை மாற்றியதும் கருவி ஒழுங்காக வேலை செய்கிறது. தலைவலி அடியோடு போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன், ஆனால் வருவது குறைந்திருக்கிறது. அதே ரூட்டில் அதே பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அவளுக்கென்று ஒரு பட்டையைத் தனியாகவே வாங்கிக் கொடுத்துவிட்டேன். சாயங்காலம் நான் முகம் கழுவிவிட்டு வந்தால், குங்குமத்தின் மேலேயே அதை ஒட்டிக்கொண்டு, கண்களை இறுக மூடி, சேலைத் தலைப்பைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருப்பாள். கருவி நின்றதும் கண்ணைத் திறப்பாள்.

"இன்னிக்கு ஒண்ணும் பண்ணாது. வாங்க, வந்து உக்காருங்க."