ஸ்நாப்ஷாட்டில் காலியாக இருந்த ஃபோல்டர்

சர்வர் பார்க்கிறவனை, எல்லாம் நன்றாக ஓடும் நாளில் யாரும் நினைப்பதில்லை; இதே தொழிலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கல்யாண ஆல்பம்

பழவங்காடியில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கும் செல்வராஜ் அண்ணன், ஒரு கல்யாணத்தின் மொத்தப் படங்களையும் தெரியாமல் அழித்துவிட்டார். கேமரா கார்டுகளையும் ஏற்கெனவே துடைத்தாயிற்று. பெண்வீட்டார் மறுநாள் வருகிறார்கள். நான் பதறவில்லை. தினமும் ஸ்நாப்ஷாட், அதாவது டிஸ்க்கின் அன்றைய நிலையின் நகல், எடுக்க ஏற்பாடு செய்திருந்தேன். திறந்தேன். ஃபோல்டர் இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

படங்களுக்கென்று உள்ளே தனி சப்வால்யூம், அதாவது டிஸ்க்குக்குள்ளேயே தனியாக நிற்கும் ஒரு பிரிவு, போட்டவனே நான்தான். வெளியே இருப்பதை ஸ்நாப்ஷாட் எடுத்தால் அது உள்ளே இருக்கும் சப்வால்யூமின் வாசலோடு நின்றுவிடும். அந்த இடத்தில் ஒரு காலி ஃபோல்டர்தான் மிஞ்சும். தம்பானூர் ஆபீசில் இருந்த என் சீனியர் ஷீபா சேச்சியைக் கூப்பிட்டேன். போன மாதம் அங்கே வந்தபோதே அதைக் கவனித்து, உள்ளே இருப்பதற்கும் தனியாக ஸ்நாப்ஷாட் போட்டு வைத்ததாகச் சொன்னார். படங்கள் அத்தனையும் வந்தன. செல்வராஜ் அண்ணன் நாற்காலியில் சாய்ந்து மூச்சுவிட்டார்.

"அந்தச் சேச்சி எப்ப வந்தாலும் போட்டோ ஃப்ரீ. உனக்கு இல்ல, கேட்டியா."

பொன்முடி

எஸ்டேட் ஆஸ்பத்திரியில் அப்டேட் போட்டதும் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. முந்தின நாள் ஸ்நாப்ஷாட்டுக்குத் திருப்புவதுதான் வழி. ஆனால் அன்று காலைதான் நர்ஸ் மேரி அக்கா, எந்தத் தொழிலாளிக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று அவர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளில் லயம் லயமாகப் போய் விசாரித்துப் பதிவு செய்திருந்தார். அது போய்விடுமா என்று கேட்டுவிட்டு என் பக்கத்திலேயே நின்றார்.

திருப்பினேன். நோயாளிகள் ஃபோல்டர் காலி. போனில் சிக்னல் இல்லை. அப்போதுதான் கம்ப்யூட்டரின் பக்கவாட்டில் சேச்சி ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தேன். பதிவுகள் தனி சப்வால்யூமில் உள்ளன, திருப்பினால் அவை பின்னோக்கிப் போகாது, பழைய இடத்திலேயே நிற்கும், எடுத்து இங்கே மாற்றினால் போதும் என்று எழுதியிருந்தார். மாற்றினேன். காலைப் பதிவு கடைசி வரி வரை இருந்தது. மேரி அக்கா ஒவ்வொரு பெயராகச் சரிபார்த்தார்.

"மிஷின்தான் நேத்தைக்குப் போச்சு தம்பி, எங்க ஆளுங்க இன்னைக்குலதான் இருக்காங்க."

சேச்சியின் மூன்று நாள்

இதையெல்லாம் எங்கே படித்தீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். படிக்கவில்லையாம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பள்ளிக்கூடத்தில் இதே காலி ஃபோல்டரைப் பார்த்து, பிள்ளைகளின் மதிப்பெண்களை விடைத்தாள்களிலிருந்து மூன்று நாள் உட்கார்ந்து தானே திரும்ப ஏற்றினாராம். அதிலிருந்து வாரம் ஒருமுறை ஒவ்வொரு ஸ்நாப்ஷாட்டிலிருந்தும் ஏதாவது ஒரு ஃபைலைத் திறந்து பார்க்கிறார். நான் பார்த்தவரை ஒரு வாரமும் தவறியதில்லை.

"ஸ்நாப்ஷாட் எடுத்தியான்னு கேக்கண்டா, திறந்து பார்த்தியான்னு கேளு."

இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த நல்ல பெயரில் பாதி, நான் செய்ய மறந்ததை இன்னொருவர் சத்தமில்லாமல் செய்து வைத்ததால் வந்தது. மீதிப் பாதி, அதை மற்ற வாடிக்கையாளர்களிடம் நான் சொல்லாததால் வந்தது.